இணைப்பு தருகிறேன், காத்திருங்கள்

வரிங்காவில் கோரல் டன்ஸ்டரின் முன்கதவைத் தட்டி உள்ளே நுழைந்த அந்நியன் இன்னும் பிறக்கவில்லை. அவளைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு முட்டை வேகும் நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தவன் பூமியின் இந்தப் பாதியிலும் கிடையாது, அந்தப் பாதியிலும் கிடையாது. இது கோரலே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வது. சொல்லி முடித்து ஒரு வாய் தேநீர் குடித்த பிறகு, "சரி, கொஞ்சம் ஊதித்தான் சொல்றேன். தீயணைப்புக்காரங்க ஒரு தடவை உள்ள வந்தாங்க. ஆனா அவங்க எங்க தட்டினாங்க? கோடாலியால பொளந்துக்கிட்டுல்ல வந்தாங்க! அது சேராது" என்று ஒப்புக்கொள்வாள்.

அந்தத் தீயும் ஊரை எரிக்கும் தீ இல்லை. அடிப்பிடித்த பிளம் ஜாம். உள்ளூர் வண்டியாக இருந்திருந்தால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, "கோர், என்ன கருகுது?" என்று கேட்டுவிட்டு அடுப்பை அணைத்திருப்பார்கள். வந்தது அடுத்த ஊர் வண்டி. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வரிங்காவில் முன்கதவு என்பது மனிதர் முகத்தில் புருவம் மாதிரி. இருக்க வேண்டும், ஆனால் அதன் வழியாக ஒன்றும் உள்ளே போகாது. சொந்தக்காரர், சினேகிதர், மரத்தில் எலுமிச்சை கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு பை நிறைய எடுத்து வருகிறவர், எல்லோருக்கும் பின்கதவுதான். அதையும் தட்ட மாட்டார்கள். கம்பிவலைக் கதவைத் திறந்துகொண்டு, "இருக்கியா?" என்று கேட்கும்போதே பாதி உடம்பு சமையலறைக்குள் வந்திருக்கும். முன்கதவைத் தட்டுகிறவர் மூன்றே வகை. போலீஸ், பாதிரியார், எதையாவது விற்க வந்தவர். முதல் இருவரும் வந்தால் யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாமவர் வந்தால் கோரலுக்குக் கொண்டாட்டம்.

தீயணைப்புக்காரர்கள் உடைத்த கதவுக்குப் புதுக்கதவு போட்ட அன்றே, அதன் உட்புறத்தில் பாட்டன் காலத்துப் பாத்திர அலமாரியைத் தள்ளி நிறுத்திவிட்டாள். வெளியே, "தட்டாதீர்கள்" என்ற ஒட்டுத்தாள். பக்கவாட்டில் போகும் வழிக்கு ஆள் உயர மரக்கேட். அதற்கு மூன்று தாழ்ப்பாள். உள்ளூர்க்காரர்களுக்குப் பின்சந்து வழி தெரியும், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. முன்பக்கத்துப் புல்தரையில் தண்ணீரைச் சுழற்றி அடிக்கும் குழாய் ஒன்று உண்டு. அதன் திருகு சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. பிளம்பராக இருந்த அவள் கணவன் லைல், செத்துப்போவதற்கு முந்தின வருஷம் அவளுடைய பிறந்தநாளுக்குச் செய்துகொடுத்த பரிசு அது. மற்ற பெண்களுக்கு மோதிரம் வந்தது. கோரலுக்குத் திருகு வந்தது. அவள் அழுதேவிட்டாள்.

முன்கதவுக்கு உள்ளே, கண்ணாடிச் சட்டங்கள் போட்டு அடைத்த வராந்தா. அங்கே ஒரு கூண்டு. அதில் மஞ்சள் கொண்டையுள்ள வெள்ளைக் காக்கட்டூக் கிளி, பெயர் பிஷப். ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்ட பறவை. கோரலின் அப்பா பெர்ஸி பால்பண்ணையில் வளர்த்தது. அப்பாவின் குரல், அப்பாவின் இருமல், அப்பாவின் கோபம் மூன்றையும் அப்படியே வாங்கி வைத்திருந்தது. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. குரல் மட்டும் போகவில்லை.

போன கோடையில் வந்த சூரியசக்தித் தகடு விற்கும் பையனைக் கேட்டால் தெரியும். கழுத்தில் அட்டை, கையில் பலகை. கோரல் வராந்தாவின் கண்ணாடிச் சட்டங்களுக்கு இடையே மூக்கை மட்டும் காட்டினாள்.

"வணக்கம் மேடம்! உங்க கூரையைப் பாத்தேன்..."

"பாத்தியா? எத்தனை நாளா பாக்கற?"

"இல்ல மேடம், தெருவுல போகும்போது..."

"தெருவுல நின்னு பொம்பளைங்க வீட்டுக் கூரையைப் பாக்கறியே, உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் எதையும் விக்க வரல மேடம். சும்மா ஒரு தகவல்தான்."

"அப்படிச் சொல்லு! தகவல்னா எனக்கும் பிடிக்கும். உன் வீட்டு விலாசம் குடு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு, நீ தூங்கிக்கிட்டு இருக்கும்போது, நானும் ஒரு தகவலோட வந்து தட்டறேன்."

பையன் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கூண்டிலிருந்து கரகரத்த கிழக்குரல் கிளம்பியது. "யாரது? கேட்டைச் சாத்திட்டுப் போ!"

"உள்ள சார் இருக்காரா மேடம்?"

"எங்கப்பா. எண்பத்தொம்பது வயசு. யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு" என்றாள் கோரல். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பெர்ஸி இறக்கும்போது அவருக்கு வயது எண்பத்தொன்பதுதான், யார் சொல்லியும் கேட்டவர் இல்லைதான். பிறகு சமையலறைக்குப் போய்த் திருகைத் திருகினாள். பையன் பதினோரு படியையும் இரண்டு தாவலில் இறங்கினான்.

தொலைபேசிக்கு வேறு வைத்தியம். கோரல் பதினாறு வயதில் வரிங்கா தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். காதில் கேட்கும் கருவி, முன்னால் பலகை, கையில் இணைப்புக் கம்பி. யார் யாரைக் கூப்பிட்டாலும் அவள் கை வழியாகத்தான் போக வேண்டும். தானியங்கி எந்திரம் வந்து அவளை வீட்டுக்கு அனுப்பும்வரை பதினேழு வருஷம், ஊரின் கல்யாணம், கருமாதி, கள்ளக்காதல், மாட்டு வியாபாரம் எல்லாம் அவள் காது வழியாகப் போயின. ஒன்றையும் அவள் வெளியே விட்டதில்லை. ஒன்றிரண்டு கசிந்திருக்கலாம். ஆனால் அதில் ஒன்று அவளுக்கு நன்றாகப் புரிந்துபோனது: ஒரு வீட்டுக்குள் ஓட்டை விழ ஒரு கம்பி போதும். அதனால்தான் தன் வீட்டுக் கம்பியை அவளே காவல் காத்தாள்.

மணி அடிக்கும். கோரல் எடுப்பாள். எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதற்குள், நிலையத்தில் பேசிய அதே வழுவழுப்பான குரலில், "இணைப்பு தருகிறேன், காத்திருங்கள்" என்பாள். பிறகு ரிசீவரைக் கூண்டுக்கு அடியிலிருக்கும் முக்காலியில் மல்லாக்கப் போட்டுவிட்டு, முட்டை வேகும் நேரத்துக்கான மணல் கடிகாரத்தைத் திருப்பி வைப்பாள். உங்கள் கணினியில் வைரஸ் என்று சொல்ல வந்தவர், உங்களுக்குப் பரிசு என்று சொல்ல வந்தவர், எல்லோரும் பிஷப்பிடம் பேசிக்கொள்ள வேண்டியதுதான். மணல் விழுந்து முடிந்ததும் ரிசீவரை எடுத்துத் தாங்கியில் வைத்துவிடுவாள்; எதிரில் இருந்தவன் எப்போதோ ஓடியிருப்பான் என்பது அவள் கணக்கு. வென்றுவிட்டோம் என்று கோரல் முட்டையை உரிப்பாள்.

இவ்வளவு காவல் காத்தவள் ஒருத்திக்காக மட்டும் காத்திருந்தாள். அதுதான் கதை.

அவளுடைய தங்கை நோயலா, வீட்டில் நோலி. டுவூம்பாவில் இருக்கிறாள், காரில் ஒன்றரை மணி நேரம். ஒரு காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பின்கதவு வழியாக நுழைந்து, கோரலைக் கேட்காமலே தேநீருக்குக் கெண்டியில் தண்ணீர் வைப்பாள். அப்பாவைப் புதைத்த அன்றுதான் எல்லாம் உடைந்தது. அப்பாவின் வீட்டில் சாப்பாட்டு மேசையை நோயலா துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கோரல் பிஷப்பின் கூண்டைத் தூக்கித் தன் காரின் பின்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

"அப்பா குரலைத் திருடிட்டுப் போறியா?" என்று வாசலில் நின்று கத்தினாள் நோயலா.

"கடைசி நாலு மாசம் அந்தக் குரலைக் கேக்க ஒரு நாள் வந்தியா நீ?" என்றாள் கோரல்.

பதினோரு வருஷம். கிறிஸ்துமஸ் அட்டைகூட இல்லை.

இந்த ஆகஸ்ட்டில் பிஷப் மூன்று நாள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு வாயே திறக்கவில்லை. மருத்துவர் ஊசி போட்டார், தேறிவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் வீட்டில் அப்பாவின் குரல் இல்லை. எட்டுத் தாளைக் கிழித்துப் போட்டு, ஒன்பதாவதில் நோயலாவுக்கு எழுதினாள்: 'பிஷப்புக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது தேவலை. பார்க்க வேண்டுமானால் வரலாம். கோரல்.' தபாலில் போட்டுவிட்டு வந்து, கம்பிவலைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டாள்.

ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். பதில் இல்லை.

பக்கத்து வீட்டு மெர்வ், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எலுமிச்சைப் பையோடு வந்தவர் கேட்டார். "ஏன் கோர், தங்கச்சிக்காகக் காத்துக்கிட்டு இருக்கேங்கற, போன் வந்தா பறவைகிட்ட குடுத்துடறியே?"

"நோலியா? அவ போன் பண்ணவே மாட்டா. நான் நிலையத்துல உக்காந்திருந்த காலத்துலேர்ந்தே பண்ண மாட்டா. 'நீ கேட்டுக்கிட்டு இருப்பே'ன்னு, காதலன்கிட்ட பேசறதுக்குக்கூட சைக்கிள்லதான் போவா."

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"கேக்காம? என் தங்கச்சியாச்சே!"

"முன்பக்கமா வந்தா?"

"மெர்வ், உனக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு. எந்தத் தங்கச்சி முன்கதவுக்கு வருவா? தபால்ல வந்தாலும் பின்பக்கமாத்தான் வருவா."

இந்த இரண்டையும் சத்தியம் செய்து சொல்லியிருப்பாள் கோரல். அதனால் ஒரு தாழ்ப்பாளைக்கூடத் தளர்த்தவில்லை.

அந்த வாரங்களில் தொலைபேசி முன்னைவிட அதிகமாக அடித்தது. விற்பனைக்காரர்களுக்கு வசந்த காலம் போலும் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பிஷப்பிடம் ஒப்படைத்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மாதர் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் மணி அடித்தது. "இணைப்பு தருகிறேன், காத்திருங்கள்" என்று சொல்லி முக்காலியில் போட்டவள் மணல் கடிகாரத்தைத் திருப்பவும் மறந்துவிட்டு, சுட்டு வைத்திருந்த பூசணி ஸ்கோன் ரொட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது ரிசீவர் அப்படியே மல்லாந்து கிடந்தது. பிஷப்பின் தண்ணீர்க் கிண்ணம் காலி. தொண்டை கட்டும்வரை பேசியிருந்தது போல. கோரல் அன்றும் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்க்கவில்லை. எடுத்ததைத் தாங்கியில் வைத்தாள், கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள், மறந்தே போனாள்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல். முந்தின நாள் பெய்த மழையில் தெருவோரம் எல்லாம் செம்மண் சேறு. கோரல் மறுபடியும் பூசணி ஸ்கோன் மாவில் இரண்டு கையும் முழங்கைவரை புதைந்திருந்தாள்.

டொக். டொக். டொக். முன்கதவு.

வழக்கமாகக் கண்ணாடிச் சட்டத்தருகே போய் மூக்கை நீட்டி, ஆள் யார் என்று பார்த்து, இரண்டு வார்த்தை விளையாடிவிட்டுத்தான் திருகுவாள். அன்று மாவு கை. மாவை விட்டால் இறுகிவிடும். விளையாட்டு வேண்டாம் என்று முழங்கையாலேயே திருகைத் திருகினாள். வெளியே தண்ணீர் சுழன்று படிக்கட்டில் சளார் சளார் என்று அறைந்தது.

"யாரது? கேட்டைச் சாத்திட்டுப் போ!" என்றது பிஷப்.

கோரல் சிரித்தபடி மாவை மடித்தாள். யாரும் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. பிஷப் இருமியது. பிறகு அதே அப்பா குரல், ஆனால் கோபம் இல்லாமல், பாதி செல்லமாகச் சொன்னது:

"நோலி, பூட்ஸைக் கழட்டு."

கோரலின் கை மாவிலேயே நின்றுவிட்டது. சேற்றுக் காலோடு பால்பண்ணை வீட்டுக்குள் ஓடிவரும் சின்னவளிடம் அப்பா தினம் சொன்ன வார்த்தை அது. பதினோரு வருஷமாகப் பிஷப் அதைச் சொன்னதே இல்லை. சொல்வதற்கு ஆள் வந்ததில்லையே.

முன்கதவுக்கு ஓடினாள். பாட்டன் காலத்து அலமாரி குறுக்கே நின்றது. தோளால் முட்டினாள்; உள்ளே இருந்த பீங்கான் தட்டுகள் கலகலவென்று அவளைப் பார்த்துச் சிரித்தன, அலமாரி அசையவில்லை. "நோலி! இரு!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள். தண்ணீர் அறையும் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பின்பக்கமாக ஓடினாள். கோழிகள் சிதறின. பக்கத்துக் கேட்டின் முதல் தாழ்ப்பாள் மாவுக் கையில் வழுக்கியது. இரண்டாவது துருப்பிடித்திருந்தது. மூன்றாவதைப் பிடித்துக் கொண்டிருக்கும்போது தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு வந்தவளை அப்பாவின் குரலால் விரட்டி, லைலின் தண்ணீரால் நனைத்து அனுப்பிவிட்டோம். கோரல் மூன்றாவது தாழ்ப்பாளைக் காலால் உதைத்தாள். ஊரிலேயே உறுதியான கேட் என்று அவள் பெருமை அடித்துக்கொண்ட கேட், ஐந்தாவது உதையில் ஒரு பலகையை மட்டும் பெயர்த்துக் கொடுத்தது. அந்த இடுக்கில் நுழைந்து, பாவாடை ஆணியில் கிழிய, முன்புறம் வந்து விழுந்தாள். சுழல்குழாய் அவளையும் வஞ்சிக்காமல் ஒரு வீச்சு வீசியது.

கார் தெருவோரமே நின்றது. சொட்டச் சொட்ட நனைந்த ஒரு கிழவி, வெறுங்காலோடு, கார்ப்பக்கமிருந்து வீட்டுப்பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"நீ போயிட்டேன்னு நினைச்சேன்" என்றாள் கோரல்.

"பூட்ஸைக் கழட்டச் சொன்னாரு. கழட்டிக் கார்ல போட்டுட்டு வர்றேன்" என்றாள் நோயலா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் சுற்றி வந்து இருவரையும் முறைவைத்து அடித்தது.

"முன்கதவுக்கு எதுக்குடி வந்த?"

"பின்கதவைத் தொறந்துக்கிட்டு வர எனக்கு இனிமே என்ன உரிமை?"

"கடிதம் போட்டேன்ல?"

"போட்ட. 'பார்க்க வேண்டுமானால் வரலாம்.' கோர்ட் சம்மன்லகூட அதைவிடப் பாசமா எழுதுவாங்க. எந்தக் கதவுன்னு அதுல எழுதியிருந்தியா?"

கோரல் மாவுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். பாவாடை இன்னும் மோசமானது. "அந்த நாலு மாசத்தைப் பத்தி நான் வாசல்ல வெச்சு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"கேக்க வேண்டியதைத்தான் கேட்ட. வந்தா அவரு போறதைப் பாக்கணுமேன்னு பயந்துக்கிட்டு வரல. அவ்வளவுதான்."

"நானும் பயந்தேன். பக்கத்துலயே உக்காந்துக்கிட்டுப் பயந்தேன்."

"கேட்டைச் சாத்திட்டுப் போ!" என்றது பிஷப் மேலிருந்து.

"நம்மள்ல யாரைச் சொல்றாரு?" என்றாள் நோயலா.

"ரெண்டு பேரையும்தான். வா, பின்பக்கமா வா. கேட்ல ஒரு பலகைதான் போயிருக்கு, குனிஞ்சு வரணும்."

"உன் வீட்டுக்குள்ள வர ஆள் குனியணுமா? பதினோரு வருஷத்துல நீ திருந்தவே இல்ல கோர்."

குனிந்துதான் வந்தாள், திட்டிக்கொண்டே. கம்பிவலைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். எண்ணெய் விட்ட கீல் முனகவில்லை. கோரலைக் கேட்காமல் கெண்டியை எடுத்துத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். பிறகுதான் நினைவு வந்தவள் போலச் சுவரில் இருந்த திருகையும் மூடினாள்.

மெர்வ் சத்தம் கேட்டு எலுமிச்சைப் பையோடு வந்தபோது, கோரலின் இரண்டு பழைய அங்கிகளில் ஆளுக்கு ஒன்றைச் சுற்றிக்கொண்டு அக்காவும் தங்கையும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டைத் தூக்கி வந்து நாற்காலியில் வைத்திருந்தார்கள். பிஷப் ஸ்கோனைக் கொறித்துக்கொண்டிருந்தது. மாவு இறுகிப்போய் ஸ்கோன் கல்லாக இருந்தது. இருவரும் அதைத் தேநீரில் தோய்த்துத் தின்றார்கள்.

"ஆக, முன்கதவுக்காரங்க ஜெயிச்சுட்டாங்க" என்றார் மெர்வ்.

"எங்க ஜெயிச்சாங்க?" என்று கோரலுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "கதவு தொறந்துச்சா? தொறக்கல. அவ பின்பக்கமாத்தான் வந்தா. அலமாரி அங்கயேதான் நிக்குது. அப்புறம் போனைச் சொல்லு. இத்தனை வருஷத்துல முட்டை வேகற நேரத்துக்கு மேல ஒருத்தன் தாங்கினானா? ஒரே ஒருத்தன்? நாலு நிமிஷம்! அதுக்கு மேல எவனாலயும் எங்கப்பா பேச்சைக் கேக்க முடியாது."

நோயலா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஒரு மணி பதினெட்டு நிமிஷம்" என்றாள். "போன செவ்வாக்கிழமை. அதுக்கு முன்னாடி ஒம்போது தடவை, நீ முட்டையைத் திங்கற அவசரத்துல கட் பண்ணிட்ட. அன்னிக்குத்தான் அவரு மழையைப் பத்தி ஆரம்பிச்சு மாட்டைப் பத்தி முடிக்கறவரைக்கும் முழுசாக் கேட்டேன்."